மூணாம் வகுப்புப் பையன், சொந்தமா ஒரு வரி எழுத மாட்டேங்கான். வீட்டுல வச்சு என்ன செய்யலாம்?

கேள்வி: முக்கூடல் அம்மா

எல்லாருக்கும் வணக்கம். நான் முக்கூடல் பக்கத்துல இருக்கேன். பீடி சுத்துத வேலை. வீட்டுக்காரரு லாரி ஓட்டுதாரு, மாசத்துல பத்து நாள் வீட்டுல இருந்தாலே பெரிசு. மகன் மூணாம் வகுப்பு, மக ஒண்ணாம் வகுப்பு. ரெண்டு பேரும் ஊருல உள்ள அரசுப் பள்ளிக்கூடந்தான்.

மகன் வாசிக்கதுல ஒரு குறையும் இல்ல. தமிழ்ப் புத்தகத்தக் குடுத்தா கடகடன்னு வாசிச்சிருவான். மூடி வச்சிட்டு, "என்னய்யா வாசிச்ச, சொல்லு"ன்னா என் மூஞ்சியவே பாக்கான். எழுதச் சொன்னா இன்னும் மோசம். போன வாரம் "எங்கள் ஊர்"னு பத்து வரி எழுதிட்டு வரச் சொல்லியிருக்காங்க. ஒரு மணி நேரம் நோட்டுக்கு முன்னால உக்காந்து, பென்சில் முனையக் கடிச்சுக் கடிச்சுத் துப்பிட்டு, கடைசில பக்கத்து வீட்டுப் பிள்ளையோட நோட்டப் பாத்து எழுதிட்டான். "எங்கள் ஊர் மிகவும் அழகான ஊர். எங்கள் ஊரில் கோயில் உள்ளது. குளம் உள்ளது. மக்கள் ஒற்றுமையாக வாழ்கிறார்கள்." பத்து வரியும் வந்துட்டு. டீச்சரும் "நன்று" போட்டுட்டாங்க. எனக்குத்தான் மனசு ஆறல. ஏன்னா இதே பய வாயத் தொறந்தா மூட மாட்டான். ஆத்துக்குக் குளிக்கப் போயிட்டு வந்தான்னா அரை மணி நேரம் கதை சொல்லுவான். அதுல ஒரு சொல்லு கூட நோட்டுக்கு வர மாட்டேங்கு.

நான் எட்டாவதோட நின்னவ. சாயங்காலம் நாலரைக்கு அவன் வாரான், நான் ஏழு மணி வரைக்கும் பீடித் தட்ட மடியில வச்சுக்கிட்டு இருப்பேன். கை ஒழியாது. வாயும் காதும் சும்மாதான் இருக்கு. புத்தகத்துக்குன்னு மாசம் 100 ரூபாய் ஒதுக்கலாம். டியூஷன்ல விட்டா அங்கயும் பாத்து எழுதத்தான் சொல்லுவாங்களோன்னு பயமா இருக்கு. இந்த நிலைமையில வீட்டுலயே என்ன செய்யலாம்? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

பதில்: பாளை வாசகி

அக்கா, என் மகளும் மூணாம் வகுப்புதான். அந்த 100 ரூபாய செலவு பண்ணுததுக்கு முன்னால உங்க ஊருக்குப் பக்கத்துல கிளை நூலகமோ ஊர்ப்புற நூலகமோ எங்க இருக்குன்னு விசாரிங்க. வீட்டு வரி ரசீத எடுத்துப் பாருங்க, நூலக வரின்னு தனியா ஒரு தொகை இருக்கும். 1948லயே நம்ம சென்னை மாகாணத்துல பொது நூலகச் சட்டம் வந்துட்டு, சுதந்திர இந்தியாவுல அதுதான் முதல். நாம காசு கட்டித்தான் அந்த நூலகம் நடக்கு, அதனால கூச்சப்படாம உள்ள போங்க. நான் முதல் தடவை பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்துக்கு மகளக் கூட்டிட்டுப் போனப்ப வாசல்லயே அரை மணி நேரம் தயங்கி நின்னேன். அவ பாட்டுக்கு உள்ள போயி தரையில உக்காந்துட்டா.

போன்ல வாசிக்கணும்னா ஸ்டோரிவீவர்னு ஒரு இணையதளம் இருக்கு. பிரதம் புக்ஸ்னு ஒரு பதிப்பகம் 2015ல ஆரம்பிச்சது. தமிழ்ல நிறைய படக்கதை இருக்கு, காசு கிடையாது. நாலு நிலையா பிரிச்சு வச்சிருப்பாங்க. உங்க பையன் கடகடன்னு வாசிச்சாலும் முதல் நிலையில இருந்தே தொடங்குங்க. அதுல எழுத்து கம்மி, படம் பெரிசு. நான் செய்தது என்னன்னா, எழுத்து இருக்க இடத்தக் கைய வச்சு மறைச்சிட்டு படத்த மட்டும் காட்டி, "இதுல என்ன நடக்கு, நீயே சொல்லு"ன்னு கேப்பேன். அவ சொல்லி முடிச்ச பெறவு கைய எடுத்து, புத்தகத்துல என்ன போட்டிருக்குன்னு வாசிப்போம். ரெண்டும் ஒத்துப் போகலன்னா அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். "என் கததான் நல்லா இருக்கு"ம்பா. பல சமயம் அது உண்மையும் கூட.

எழுதுத விஷயத்துல எனக்கு அவ்வளவு தெரியாது. யாராவது டீச்சருங்க சொன்னா நானும் கேட்டுக்கிடுவேன்.

பதில்: சேரன்மாதேவி டீச்சர்

ஏம்மா, உன் கேள்விய ரெண்டு தடவை வாசிச்சேன். "வாயும் காதும் சும்மாதான் இருக்கு"ன்னு எழுதியிருக்க. அது ரெண்டும் போதும் தாயி, கவலைப்படாத.

நான் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகள்ல 31 வருஷம் வேலை பாத்து ஓய்வு பெற்றவ. எல்லாம் ஆத்தங்கரை ஊருங்க, வாழையும் நெல்லும் போடுத ஊருங்க. உன் மகன் மாதிரி பிள்ளைங்கதான் என் வகுப்புல பாதிப் பேரு. அவனுக்கு ஒரு கோளாறும் இல்ல. அவன்கிட்ட ரெண்டு தமிழ் இருக்கு. வீட்டுல "மீனு காலக் கடிக்கி"ம்பான். புத்தகத்துல "மீன் என் காலைக் கடிக்கிறது"ன்னு இருக்கு. அவன எழுதச் சொல்லும்போது ஒரே நேரத்துல நாலு வேலை சுமத்துதோம். என்ன சொல்லணும்னு யோசிக்கணும், அதப் புத்தகத் தமிழுக்கு மாத்தணும், அதுக்கு எந்த ல, எந்த ளன்னு பாக்கணும், கையெழுத்தும் கோணாம இருக்கணும். எட்டு வயசுப் பிள்ளை நாலையும் தூக்க முடியாம, எத முதல்ல கீழ போடும்? தான் சொல்ல வந்ததத்தான் போடும். ஏன்னா அதுக்கு மட்டுந்தான் யாரும் மார்க் குறைக்க மாட்டாங்க. அப்புறம் எந்த ஊருக்கும் பொருந்துத பத்து வரி நோட்டுல வந்து உக்காந்துக்கிடும்.

இத நான் புத்தகத்துல படிச்சுத் தெரிஞ்சுக்கிடல. ஒரு பையன் எனக்குக் கத்துக் குடுத்தான். நான் வேலைக்குச் சேந்து நாலஞ்சு வருஷம் இருக்கும். ஆனி மாசம் மேக்க இருந்து காத்து அடிச்சு, ஊரு முழுக்க குலை தள்ளுன ஏத்தன் வாழை சாஞ்சு கிடந்துச்சு. அந்த வாரம் பிள்ளைங்கள "மழைக்காலம்"னு கட்டுரை எழுதச் சொன்னேன். எல்லாரும் "மழை பெய்தால் குளங்கள் நிரம்பும், விவசாயிகள் மகிழ்வர்"னு எழுதியிருந்தாங்க. நாலாம் வகுப்புப் பையன் ஒருத்தன் மட்டும் ரெண்டே வரி எழுதியிருந்தான். "காத்து அடிச்சு வாளை எல்லாம் படுத்துட்டு. தாத்தா நடுவுல நின்னாரு."

நான் என்ன செஞ்சேன் தெரியுமா? "வாளை"யில சிவப்பு மைய வச்சு வட்டம் போட்டேன். வாளைன்னா மீன், வாழைன்னு எழுதுன்னு பக்கத்துல எழுதுனேன். "காத்து"வ "காற்று"ன்னு மாத்துனேன். "படுத்துட்டு"வ அடிச்சு "சாய்ந்தன"ன்னு போட்டேன். "பத்து வரி எழுத வேண்டும்"னு கீழ ஒரு குறிப்பு. வீட்டுக்கு வந்து ராத்திரி சோறு பொங்கும்போதுதான் அந்த ரெண்டாவது வரி என் மனசுல வந்து நின்னுச்சு. சாஞ்ச வாழைக்கு நடுவுல ஒரு கிழவரு நிக்காரு. ஒரு வருஷக் கஷ்டத்த அந்தப் பிள்ளை மூணு சொல்லுல எழுதியிருக்கு, நான் அத வாசிக்கவே இல்ல. மறுநாள் அவனக் கூப்பிட்டு, "தாத்தா என்ன செய்தாருய்யா?"ன்னு கேட்டேன். "ஒண்ணும் செய்யல டீச்சர்"ன்னுட்டுப் போயிட்டான். அந்த வருஷம் முழுக்க அவன் மத்தவங்க மாதிரியே பத்து வரி எழுதுனான். குளங்கள் நிரம்பும், விவசாயிகள் மகிழ்வர். அத நினைச்சா இன்னைக்கும் எனக்கு நெஞ்சு கனக்கும்.

அதுக்குப் பெறவு நான் மாத்திக்கிட்டதத்தான் உனக்குச் சொல்லுதேன்.

எழுதச் சொல்லாத, முதல்ல சொல்ல விடு. நீ வேலை பாக்கும்போது அவன் பேசட்டும். ஒரு விஷயம், புகையிலைத் தூளு பக்கத்துல பிள்ளைய உக்கார வைக்காத. அவன் திண்ணையில, காத்து வார பக்கமா இருக்கட்டும், நீ உள்ள இருந்து கேளு. "இன்னைக்கு என்ன நடந்துச்சு"ன்னு பொத்தாம் பொதுவாக் கேட்டா "ஒண்ணும் நடக்கல"ம்பான். சின்னதாக் கேளு. ஆத்துல தண்ணி முட்டளவா இடுப்பளவா? மீனு எந்தக் காலக் கடிச்சுது? கடிச்சப்ப நீ கத்துனியா சிரிச்சியா? நீ கேக்கக் கேக்க அவன் சொல்லுதது பெருகும்.

அத போன்ல பதிவு பண்ணிக்கோ. ராத்திரி வேலை முடிஞ்சு கையக் கழுவிட்டு, அஞ்சு நிமிஷம் ஒதுக்கி, அதுல நாலே நாலு வரிய மட்டும் பெரிய எழுத்துல எழுதி வை. அவன் சொன்னத அப்படியே எழுதணும். "கடிச்சுது"ன்னா "கடிச்சுது"தான், "கடித்தது"ன்னு நீ திருத்தாத. எட்டாவது படிச்ச படிப்பு இதுக்கு தாராளம். மறுநாள் சாயங்காலம் அந்தத் தாள அவன்கிட்ட குடுத்து வாசிக்கச் சொல்லு. தான் சொன்னது தன் கண்ணு முன்னால எழுத்தா நிக்கதப் பாக்குத பிள்ளையோட முகம் இருக்கு பாரு, அத நீயே பாத்துக்கோ. அந்தத் தாள அவன் கடகடன்னு வாசிக்க மாட்டான். நிறுத்தி நிறுத்தி வாசிப்பான், அர்த்தம் அவனுக்குத் தெரியும்லா. "என்ன வாசிச்ச"ன்னு நீ கேக்க வேண்டிய அவசியமே வராது.

ஒரு வாரம் போகட்டும். அப்புறம் மூணு வரிய நீ எழுதிட்டு, நாலாவது வரிய அவன எழுதச் சொல்லு. அடுத்த வாரம் ரெண்டு. பைய பைய பென்சில் அவன் கைக்குப் போகணும். அவசரப்பட்டு ஒரே நாள்ல குடுத்துராத.

எழுதுததுக்கு நோட்டு வேண்டாம். தினசரி காலண்டர் கிழிக்கோம்லா, அந்தத் தாளோட பின்பக்கம் போதும். கோடு போட்ட நோட்டுல இருபது வரி காலியா கிடந்தா பிள்ளைக்கு மலைப்பு வரும். காலண்டர் தாளு உள்ளங்கை அளவுதான, நாலு வரியில நிறைஞ்சிரும். முன்பக்கத்துல தேதி இருக்கதால எந்த நாள் எழுதுனதுன்னும் தெரியும். மளிகைக்கடையில ரசீது குத்தி வைக்கிற கம்பி ஒண்ணு வாங்கி அதுல குத்தி வை. என் பேத்தி ரெண்டு வருஷமா எழுதுதா. மழை பெய்யுத நாள்ல கம்பிய எடுத்து வச்சுக்கிட்டு, "போன வருஷம் இதே நாள்ல நான் என்ன எழுதியிருக்கேன்னு பாரு ஆச்சி"ன்னு வருவா.

இதெல்லாம் ஒரு மாசம் ஓடுன பெறவு புத்தகத் தமிழுக்கு வா. அவன் எழுதுன ஒரே ஒரு வரிய எடுத்து, "இதயே புத்தகத்துல போட்டா எப்படி இருக்கும்?"னு கேளு. "மீனு காலக் கடிச்சுது" ஒரு பக்கம், "மீன் என் காலைக் கடித்தது" எதுத்த பக்கம். அவனே மாத்துவான், விளையாட்டு மாதிரி. வீட்டுப் பேச்சு தப்பு, புத்தகப் பேச்சு சரின்னு மட்டும் சொல்லிராத. அவன் அப்பாவும் நீயும் பேசுத பேச்சத் தப்புன்னு சொன்னா பிள்ளை வாயடைச்சுப் போயிரும்.

ரயில்ல போக வாய்ச்சா அதயும் விடாத. திருநெல்வேலியில இருந்து தென்காசிக்குப் போற பாசஞ்சர்ல ஜன்னல் பக்கம் உக்கார வச்சு ஸ்டேஷன் பலகைய வாசிக்க விடு. சேரன்மாதேவி, காருக்குறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், அப்படியே ஆழ்வார்குறிச்சி, ரவணசமுத்திரம். எத்தனை குறிச்சி வந்துச்சு, எத்தனை சமுத்திரம் வந்துச்சுன்னு எண்ணச் சொல்லு. "கடலே இல்லாத ஊருக்கு எதுக்கு ஆச்சி சமுத்திரம்னு பேரு?"ன்னு என் பேத்தி கேட்டா. பெரிய குளத்தையும் சமுத்திரம்னு சொல்லுத வழக்கம் உண்டுன்னு சொன்னேன். அப்புறம் நீயே ஒரு ஊருக்குப் பேரு வையி, அங்க யாரு யாரு இருக்காங்க, என்ன சாப்பிடுதாங்க, ராஜா உண்டா இல்லையான்னு கேட்டேன். தென்காசி போய்ச் சேருததுக்குள்ள ஒரு ஊரையே கட்டி முடிச்சிட்டா.

பதில்: வண்ணார்பேட்டை அப்பா

டீச்சர், நீங்க சொன்ன அந்தப் பையன் விஷயம் மனசத் தொட்டுச்சு. ஆனா ஒரு சந்தேகத்தக் கேட்டுத்தான் ஆகணும். பிழையோடயே எழுத விட்டா அதுவே கையில பழகிராதா? என் மகன் அஞ்சாம் வகுப்பு. இன்னைக்கும் "மளை", "பளம்"னுதான் எழுதுதான். ஆறாம் வகுப்புக்குப் போனா யாரும் இத மன்னிக்க மாட்டாங்களே. நான் தினமும் பத்து சொல்லு டிக்டேஷன் போடுதேன். அன்னைக்குச் சரியா எழுதுதான். மறுநாள் கட்டுரையில மறுபடியும் "மளை".

பதில்: சேரன்மாதேவி டீச்சர்

தம்பி, நீங்க கேட்டது நியாயமான கேள்வி. பிழைய விட்டுரணும்னு நான் சொல்லல. திருத்துததுக்கு நேரமும் இடமும் வேற.

முதல்ல பிழை எங்க இருந்து வருதுன்னு பாருங்க. நம்ம பக்கத்துல பேச்சுல ழ வராது. வாளப்பளம், மளை, கோளி, கெளங்குன்னுதான் நாம எல்லாரும் பேசுதோம். பிள்ளை காதுல கேட்டத எழுதுது. காது நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம். அத விட்டுட்டு பத்து சொல்லு டிக்டேஷன் போட்டா, அந்தப் பத்த மனப்பாடம் பண்ணிக்கிடும், பதினொண்ணாவது சொல்லுல மறுபடியும் தடுமாறும்.

ரெண்டு நோட்டு வையுங்க. ஒண்ணு அவன் சொந்த நோட்டு, அதுல உங்க பேனா படவே கூடாது. இன்னொண்ணு எழுத்து நோட்டு. வாரத்துக்கு ஒரே ஒரு எழுத்து. இந்த வாரம் ழன்னா ழ மட்டும். ல, ள பக்கம் போகாதீங்க. வீட்டுல ழ எங்கெல்லாம் இருக்குன்னு தேடச் சொல்லுங்க. அடுக்களையில குழம்பு, கிழங்கு, உழக்கு. கதவுல தாழ்ப்பாள். காலண்டர்ல கிழமை. தெருவுல புழுதி, வாழை, கோழி. கண்டுபிடிச்சத எல்லாம் எழுத்து நோட்டுல எழுதட்டும். அந்த வாரம் முழுக்க நீங்களும் அந்தச் சொல்லுங்கள ழ தெளிவாத் தெரியுற மாதிரி சொல்லுங்க. நாக்க மடிச்சு மேல கொண்டு போகாம அந்த ஓசை வராது. கண்ணாடிக்கு முன்னால நின்னு சொல்லிப் பாக்கச் சொல்லுங்க, பிள்ளைங்களுக்கு அது பெரிய வேடிக்கை. சனிக்கிழமை அவன் சொந்த நோட்ட அவன்கிட்டயே குடுத்து, "ழ வர வேண்டிய இடத்துல எங்கயாவது ள வந்திருக்கா, நீயே பாரு"ன்னு சொல்லுங்க. அவனே கண்டுபிடிச்சு அவனே பென்சில்ல மாத்துனா அது நிக்கும்.

அர்த்தம் மாறுத இடத்தக் காட்டுனா இன்னும் சீக்கிரம் பிடிச்சுக்கிடுவாங்க. வாளைக்கும் வாழைக்கும் படம் வரைஞ்சு பாக்கச் சொல்லுங்க. வாளை மீன் குலை தள்ளி நிக்கிற மாதிரி என் பேத்தி ஒரு படம் வரைஞ்சா. அதுக்கப்புறம் அவ அந்தச் சொல்லுல தப்பு விட்டதே இல்ல.

இன்னொண்ணும் சொல்லிருதேன், மத்தவங்களுக்கும் ஆகும். 1 முதல் 3 வகுப்புக்கு 2022ல எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததுல இருந்து பாட்டு, கதை, செயல்பாடுன்னு பள்ளியில நல்ல விஷயங்க நடக்கு. வாசிப்பு இயக்கத்துக்குன்னு பள்ளிக்கல்வித் துறை நுழை, நட, ஓடு, பறன்னு நாலு படியா சின்னச் சின்னப் புத்தகங்க போட்டிருக்கு. நாலாம், அஞ்சாம் வகுப்புப் பிள்ளைங்களுக்கு ஊஞ்சல்னு இதழும் உண்டு. இதுல எது உங்க பள்ளிக்கு வந்திருக்குன்னு தலைமையாசிரியர்கிட்ட கேளுங்க. அலமாரியில பூட்டிக் கிடந்தா, வாசிச்சிட்டுத் திருப்பித் தாரோம்னு மரியாதையாக் கேட்டு வாங்குங்க. கேக்குத தாய்க்கு இல்லன்னு சொன்ன ஆசிரியரு கம்மி.

பதில்: மேலப்பாளையம் வாப்பா

தங்கச்சி, உங்க வீட்டுக்காரரு லாரில போறாருன்னு வாசிச்சதும் இத எழுதணும்னு தோணுச்சு. நான் சவூதியில தம்மாம்ல வேலை பாக்கேன். வருஷத்துக்கு ஒரு தடவைதான் ஊரு. மக நாலாம் வகுப்பு. முன்னாலயெல்லாம் தினமும் வாய்ஸ் மெசேஜ் போடுவா. "அஸ்ஸலாமு அலைக்கும் வாப்பா, சாப்ட்டீங்களா, நான் சாப்ட்டேன்" அவ்வளவுதான். போன வருஷம் நான் ஒரு முறை கொண்டு வந்தேன். வெள்ளிக்கிழமை மட்டும் வாய்ஸ் கிடையாது. அவ தாள்ல எழுதி உம்மா போன்ல போட்டோ எடுத்து அனுப்பணும், நானும் கையால எழுதித்தான் பதில் அனுப்புவேன்.

முதல் நாலு வாரம் அதே "சாப்ட்டீங்களா"தான் எழுத்துல வந்துச்சு. நான் பதில்ல கேள்வியா கேக்க ஆரம்பிச்சேன். நம்ம வீட்டுத் தட்டட்டியில (மொட்டை மாடியில) இருந்து பாத்தா இப்ப என்ன தெரியுது? உம்மா இன்னைக்கு ஆக்குன சோத்துல என்ன வாசம்? அஞ்சாவது வாரம் அவ திருப்பி ஒரு கேள்வி கேட்டா. "வாப்பா, அங்க மழை பெஞ்சா மண்ணு வாசம் வருமா?" எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. ஒரு பக்கம் முழுக்கப் பதில் எழுதுனேன். பள்ளிக்கூடம் விட்டதுக்கு அப்புறம் நான் தமிழ்ல ஒரு பக்கம் எழுதுனது அதுதான் முதல் தடவை.

இப்ப அவ புத்தகமே செய்யுதா. ஒரு ஏ4 தாள். அத மூணு தடவை மடிச்சுப் பிரிச்சா எட்டு கட்டம் கிடைக்கும். மறுபடியும் குறுக்க பாதியா மடிச்சு, மடிப்பு இருக்குத பக்கத்துல இருந்து நடுக்கோட்டுல ஒரு கட்டம் அளவுக்குக் கத்தரிக்கணும். பிரிச்சா தாளுக்கு நடுவுல மட்டும் ஒரு கீறல் இருக்கும். இப்ப நீளவாக்குல மடிச்சு, ரெண்டு ஓரத்தையும் பிடிச்சு உள்ள தள்ளுனா, நடுவு வாயத் தொறந்து கூட்டல் குறி மாதிரி நிக்கும். அப்படியே ஒரு பக்கமாச் சாச்சு மடிச்சா எட்டுப் பக்கப் புத்தகம். தையலும் வேண்டாம் பசையும் வேண்டாம். முதல் பக்கம் அட்டை, பேரு போடணும். கடைசிப் பக்கத்துல விலை போடுதா. போன புத்தகம் 12 ரூபாய். நான் வாங்கிட்டேன்.

உங்க வீட்டுக்காரரு லோடு இறக்கக் காத்துக் கிடக்குத நேரத்துல மகன் எழுதுனத வாசிச்சா, அவருக்கும் நல்லாருக்கும் தங்கச்சி.

பதில்: முக்கூடல் அம்மா

டீச்சர், அக்கா, அண்ணே, எல்லாருக்கும் நன்றி. பதினேழு நாள் கழிச்சு வாரேன், செஞ்சு பாத்துட்டுச் சொல்லணும்னு இருந்தேன்.

முதல் மூணு நாள் ஒண்ணும் நடக்கல. போன வச்சதும் பேச்சு நின்னுட்டு. "எதுக்கும்மா பதிவு பண்ணுத"ன்னு வெக்கப்படுதான். நாலாவது நாள் போன அவன் கையிலயே குடுத்து, "நீயே அமுக்கு, நீயே நிறுத்து"ன்னேன். அப்புறம் நிறுத்தவே இல்ல, பதினோரு நிமிஷம். தங்கச்சியும் ஊடால வந்து கத்துதா. ராத்திரி கேட்டுக் கேட்டு நாலு வரி எழுதுனேன். காலண்டர் தாளு முன்னாலயே சேத்து வச்சிருந்தேன். பழைய காலண்டரு பெட்டிக்கடை அண்ணாச்சி குடுத்தாரு.

டீச்சர் சொன்ன மாதிரியே மறுநாள் நிறுத்தி நிறுத்தி வாசிச்சான். வாசிச்சிட்டு, "அம்மா இது தப்பு. நான் மூணு மீனுன்னு சொன்னேன், நீ ரெண்டு மீனுன்னு எழுதிருக்க"ன்னான். போன்ல போட்டுக் கேட்டா, மூணுதான். அவனே பென்சில எடுத்து ரெண்டக் கிழிச்சிட்டு மூணு போட்டான். நான் கேக்காம அவன் பென்சில எடுத்தது அதுதான் முதல் தடவை.

நேத்து அவனா எழுதுனத கீழ அப்படியே போடுதேன். ஒரு எழுத்தும் மாத்தல. இத அவுக அப்பாவுக்கும் போட்டோ எடுத்து அனுப்பிட்டேன். அவரு அப்ப ஓசூர்ல லோடு இறக்கிக்கிட்டு இருந்தாரு. பதில் எழுதி அனுப்பல, போன் போட்டாரு, ஆனா ரொம்ப நேரம் பேசல.

"அப்பா லாரி வந்தா முதல்ல நாய்க்கு தெரியும். ரெண்டாவது எனக்கு தெரியும். அம்மா தட்ட கீள வைப்பா. லாரிக்குள்ள வெங்காய வாசம் வரும். போன தடவ மாங்கா வாசம். நான் மோந்து பாத்து எந்த ஊருன்னு சொல்லுவேன்."

"கீள"யப் பாத்ததும் கை பரபரன்னு வந்துச்சு டீச்சர். தொடல. அடுத்த வாரம் ழ வாரம்.

ரயில்ல போக இன்னும் வாய்க்கல. ஆனா பஸ்ல அம்பாசமுத்திரத்துக்குப் போகும்போது ஊருக்குப் பேரு வைக்கச் சொன்னேன். "மீன்கடிச்சநல்லூர்"னு வச்சிருக்கான். அங்க பள்ளிக்கூடம் ஆத்துக்குள்ள இருக்காம், எல்லாரும் கால மேல தூக்கி வச்சுக்கிட்டுத்தான் படிக்கணுமாம்.

இப்ப மக அழுதுக்கிட்டு நிக்கா, "எனக்கும் தாளு வேணும்"னு. அவளுக்கு உயிரெழுத்தும் கொஞ்சம் மெய்யெழுத்துந்தான் தெரியும். 247 எழுத்தும் படிச்ச பெறவுதான் எழுதணும்னு அவ அண்ணன் சொல்லுதான். அவளுக்கு என்ன செய்ய டீச்சர்?

பதில்: சேரன்மாதேவி டீச்சர்

அண்ணன் சொல்லுதத அவ கேக்க வேண்டாம். 247 வரைக்கும் காத்திருந்தா பிள்ளை சொல்ல வந்ததையே மறந்துரும். இன்னைக்கே அவளுக்கும் ஒரு தாளு குடு. படம் வரையட்டும். வரைஞ்சிட்டு, என்ன வரைஞ்சான்னு உன்கிட்ட சொல்லட்டும். அதுல ஒரே ஒரு சொல்ல நீ படத்துக்குக் கீழ எழுது. அந்தச் சொல்லுல அவளுக்குத் தெரிஞ்ச எழுத்து எது இருக்கோ அதுக்கு மட்டும் இடம் விட்டு வை, அத அவ போடட்டும். ஆடு வரைஞ்சான்னா "ஆ" அவளோடது, "டு" உன்னோடது. கீழ அவ பேர எழுதச் சொல்லு. அவளுக்குன்னு தனியா இன்னொரு கம்பி வாங்கிரு, அண்ணன் கம்பியில சேத்துக் குத்தாத, சண்டை வரும்.

உன் மகன் எழுதுனத என் பேத்திக்கு வாசிச்சுக் காட்டுனேன். "நாய்க்கு எப்படி முதல்லயே தெரியும்னு அந்த அண்ணன்கிட்ட கேளுங்க ஆச்சி"ன்னா. அவன்கிட்ட கேட்டுச் சொல்லு.